வெயிலுக்குத் திறந்து காற்றுக்கு மூடிய ஜன்னல்

மண்ணச்சநல்லூர், நம்பர் 1 டோல்கேட், பிச்சாண்டார்கோவில், சமயபுரம் பகுதிகளில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்களுக்கு,



துறையூர் சாலையின் இரண்டு பக்கமும் புது வீடுகள் எழுகின்றன. பூமிநாதர் கோயிலில் மனை மண்ணை வைத்து வேண்டிக்கொண்டு வேலையைத் தொடங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். சில வீடுகள் லிண்டல் மட்டத்துக்கு வந்துவிட்டன. ஜன்னல் எந்தப் பக்கம், எவ்வளவு அகலம், கண்ணாடியா மரமா என்பதை மாற்ற அதுதான் கடைசி வாய்ப்பு. ரூஃப் போட்ட பிறகு சுவரை உடைக்க யாருக்கும் மனசு வராது. அதனால் இந்த மடலை இப்போதே எழுதுகிறேன்.

நான் இந்த ஊர்க்காரன். இயற்பியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். கொத்தனாருக்கோ ஆசாரிக்கோ வேலை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. வெப்பத்தின் போக்கு மட்டும் கொஞ்சம் தெரியும். நீங்கள் கையில் வைத்துக்கொண்டு அலைகிற எலிவேஷன் படங்களைப் பார்க்கிறபோது அந்த அறிவுதான் உறுத்துகிறது. மாடிப்படிக்கு முன்னால் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே கண்ணாடி. ஹாலின் மேற்குச் சுவரில் திறக்க முடியாத ஃபிக்ஸட் கிளாஸ். படத்தில் வானம் நீலமாக இருக்கிறது, வாசலில் ஒரு கார் நிற்கிறது. கத்திரி வெயிலைக் கணினியில் யாரும் வரைவதில்லை.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைத் தீர்த்துவிடலாம். "5 எம்.எம். போட்டால்தான் சார் சூடு இறங்கும், 12 எம்.எம். போட்டுட்டா ஒண்ணும் வராது" என்று கடைகளில் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. கம்பளி தடிமனாக இருந்தால் குளிர் குறையும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. ஆனால் கண்ணாடி கம்பளி இனத்தைச் சேர்ந்ததில்லை.

ஒரு பொருள் வெப்பத்தை எவ்வளவு கடத்தும் என்பதற்கு வெப்பக் கடத்துதிறன் என்று ஒரு எண் உண்டு. அலுமினியத்துக்கு அது 200-க்கு மேல். இரும்புக்கு 50 அளவில். கண்ணாடிக்கு ஏறத்தாழ 1. தேக்குக்கு 0.17 பக்கம். அசையாத காற்றுக்கு 0.026. உங்கள் வீட்டில் பொறியியல் முதலாண்டு படித்த பிள்ளை இருந்தால் ரெக்கார்ட் நோட்டைக் கேட்டுப் பாருங்கள். லீஸ் டிஸ்க் என்று ஒரு சோதனை இருக்கும்: இரண்டு உலோகத் தட்டுகளுக்கு நடுவே ஓர் அட்டையை வைத்து, மேலே நீராவியை விட்டு, கீழ்த் தட்டு ஆறுகிற வேகத்தைக் கடிகாரத்தில் பார்த்து இந்த எண்ணைக் கண்டுபிடிப்பது. சார்லஸ் லீஸ் என்ற ஆங்கிலேயர் 1890-களில் வகுத்த முறை. பிள்ளைகள் மார்க்குக்காக அதைச் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வீடு கட்டுகிறபோதுதான் அது பயன்பட வேண்டும்.

கண்ணாடியின் எண் 1 என்றேன். 5 எம்.எம். கண்ணாடி வெப்பத்துக்குக் கொடுக்கிற தடை 0.005. ஆனால் எந்த ஜன்னலின் இரண்டு முகத்திலும் காற்றின் மெல்லிய படலம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தப் படலங்கள் கொடுக்கிற தடை ஏறத்தாழ 0.17. அதாவது ஒற்றைக் கண்ணாடி ஜன்னலில் வெப்பத்தைத் தடுக்கிற வேலையில் பெரும்பங்கு காற்றினுடையது, கண்ணாடியின் பங்கு கொசுறு. 5-ஐ 12 ஆக்கினால் கடத்தல் மூன்று, நான்கு சதவீதம் குறையும். பில்லில் தொகை கூடும், சுவரில் பாரம் கூடும். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு எம்.எம். தடிமனுக்கு இரண்டரை கிலோ. ஐந்தடிக்கு நான்கடி ஜன்னலில் 12 எம்.எம். போட்டால் 56 கிலோ. ஓர் ஆளை ஜன்னலில் நிற்கவைத்த மாதிரி.

சரி, கடத்தல் எவ்வளவு? வெளியே 39 டிகிரி, உள்ளே 32 என்று வையுங்கள். அந்த ஐந்துக்கு நான்கு ஜன்னல் வழியாகக் கடத்தலால் வருவது சுமார் 75 வாட். ஒரு சீலிங் ஃபேன் இழுக்கிற மின்சாரம்தான், போகட்டும். நம்மை வாட்டுவது வேறு. மேற்குச் சுவரில் மாலை நாலு மணி வெயில் நேராக விழும்போது ஒரு சதுர மீட்டருக்கு 600 வாட் வரை வந்து சேரும். சாதாரணக் கண்ணாடி அதில் எண்பது சதவீதத்தை உள்ளே விட்டுவிடும். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 900 வாட். ஹாலின் நடுவே இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிவைத்துவிட்டு ஃபேனைப் போட்டுக்கொண்டு உட்கார்வது போலத்தான்.

வந்த வெயில் வந்த வழியே திரும்புமா என்றால், அதுவும் இல்லை. கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு. சூரியனிடமிருந்து வருகிற வெளிச்சத்தையும் அதை ஒட்டிய வெப்பக் கதிரையும் அது தடுக்காது. அந்தக் கதிர் உங்கள் தரையில், சோபாவில், சுவரில் பட்டு அவை சூடாகி, பதிலுக்கு அவை வீசுகிற வெப்பக் கதிர் இருக்கிறதே, அது அலைநீளம் கூடியது. அதற்குக் கண்ணாடி கறுப்புச் சுவர் மாதிரி. மதியம் பூட்டி நிறுத்திய காரைச் சாயங்காலம் திறந்தவர்கள் எல்லோரும் இதை அனுபவித்திருக்கிறார்கள்.

மரம் இந்த இரண்டு வேலையையும் செய்வதில்லை. வெயிலை உள்ளே விடாது; சூட்டையும் சுலபமாகக் கடத்தாது. ஒன்றேகால், ஒன்றரை அங்குலத் தேக்குக் கதவு ஒற்றைக் கண்ணாடியில் பாதியளவு வெப்பத்தைத்தான் கடத்தும். காரணம் மரத்தின் உள்ளமைப்பு. தேக்கைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் குழாய் குழாயாக இருக்கும். காய்ந்த தேக்கின் கன அளவில் பாதிக்கு மேல் வெற்றிடம், அதாவது காற்று. வைரம் பாய்ந்த மரம் என்று நாம் தட்டிப் பார்த்து மெச்சுகிற கட்டையும் பாதி காற்றுதான். அந்தக் காற்றுதான் தடுக்கிறது.

மார்கழிக் காலையில் கண்ணாடி பதித்த தேக்குக் கதவை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி ஜில்லென்று இருக்கும், மரம் இதமாக இருக்கும். வெப்பமானியை வைத்தால் இரண்டும் ஒரே டிகிரி காட்டும். கண்ணாடி உங்கள் கையின் சூட்டை வேகமாக உறிஞ்சுகிறது. மரம் தொட்ட இடத்தில் மட்டும் லேசாகச் சூடேறி நின்றுகொள்கிறது. கைப்பிடிச் சுவருக்கு மேல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் வைக்கிறவர்கள் மே மாத மதியத்தில் மொட்டை மாடிப்படி ஏறும்போது இதே விஷயத்தை மறுபக்கமாகக் கற்றுக்கொள்வார்கள்.

கண்ணாடியை ஏதோ வெளியூர்ச் சரக்கு என்று நான் திட்டுவதாக நினைக்க வேண்டாம். நம் ஊர் ரைஸ் மில்களின் பின்பக்கம் குவிந்து கிடக்கிற உமிச் சாம்பலைப் பாருங்கள். நெல்லின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை பாய்லரில் எரித்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அந்தச் சாம்பலில் 85 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. ஜன்னல் கண்ணாடியில் எழுபது சதவீதத்துக்கு மேல் இருப்பதும் அதே சிலிக்காதான். ஒரு டன் நெல் அரைத்தால் முப்பத்து நான்கு கிலோவுக்குக் குறையாமல் சிலிக்கா வெளியே வருகிறது. நெல் அதை மண்ணிலிருந்து தண்ணீரோடு உறிஞ்சி எடுத்துத் தன் உமியிலும் தோகையிலும் வைத்திருக்கிறது. வயலில் இறங்கி நெல் தோகையில் கை கிழிபட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். இந்தச் சாம்பலையே இரும்பு உருக்காலைகளில் உருகிய எஃகின் மேல் தூவுகிறார்கள், சூடு வெளியேறாமல் இருக்க. ஒரே சிலிக்கா: உருக்கிப் பாளமாக வார்த்தால் வெயிலை உள்ளே விடுகிறது, துளைகளோடு பொடியாகக் கிடந்தால் சூட்டைத் தடுக்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். திருச்சி வட அட்சரேகை 10.8 டிகிரியில் இருக்கிறது. இதன் விளைவு பலருக்கும் தெரிவதில்லை. சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் உச்சிவெயில் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சூரியன் உச்சிக்கு வடக்கே சாய்ந்து போகும். ஆக, கோடையில் தெற்குச் சுவருக்கு நேர்வெயிலே கிடையாது. மார்கழியில் தெற்கே வரும், அப்போதும் உச்சியில் 56 டிகிரி உயரத்தில் நிற்கும். இரண்டடி சன்ஷேடு போட்டால் மூன்றடிக்கு நிழல் இறங்கும். தெற்கிலும் வடக்கிலும் நீங்கள் விரும்புகிற கண்ணாடியைத் தாராளமாகப் போடுங்கள் என்பேன்.

மேற்கு வேறு. மே மாதம் மாலை நாலரை மணிக்குச் சூரியன் அடிவானத்துக்கு மேல் முப்பது டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். அதே இரண்டடி சன்ஷேடு அப்போது தருகிற நிழல் ஓரடி. நான்கடி ஜன்னலில் மூன்றடி வெயிலில் நிற்கும். சன்ஷேடை எட்டடிக்கு நீட்டினால் ஒழிய அதற்குத் தீர்வு இல்லை. கிழக்கும் காலையில் இப்படித்தான். ஆனால் காலையில் வீடு இரவெல்லாம் ஆறியிருக்கும், நமக்கும் பொறுமை இருக்கும். மேற்கு வெயில் வருகிற நேரத்தில் சுவரும் தளமும் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும்.

அப்படியானால் மேற்கை அடைத்துவிடலாமா? அதுவும் கூடாது. ஆனி, ஆடியில் இங்கே காற்று எங்கிருந்து வருகிறது? பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, மேற்கிலிருந்து, காயப்போட்ட துணியைக் கிழிக்கிற வேகத்தில். நமக்கு வெயிலும் மேற்கே, காற்றும் மேற்கே. இந்த ஊரில் ஜன்னல் வைக்கிறவர் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது ஒன்றுதான். வெயிலை நிறுத்திக் காற்றை விடுகிற ஜன்னல் வேண்டும். மேற்கே ஃபிக்ஸட் கிளாஸ் வைப்பவர் இதற்கு நேர்மாறான ஒன்றைக் காசு கொடுத்து வாங்குகிறார். வெயில் உள்ளே, காற்று வெளியே.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியிலும் உத்தர வீதியிலும் மிஞ்சியிருக்கிற பழைய வீடுகளின் ஜன்னலைப் பார்த்திருப்பீர்கள். கம்பிகளுக்குப் பின்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு மரக் கதவு. கீழ் ஜோடியைச் சாத்தி, மேல் ஜோடியைத் திறந்துவிட்டால் தெருவில் போகிறவர் கண்ணுக்கு மறைப்பு. காற்று மட்டும் மேலே புகுந்து முற்றத்து வழியாக ஏறிப் போகும். வெயில் நேரத்தில் நாலையும் சாத்திவிடுவார்கள். அந்த வீடுகளை நான் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. பகலிலும் விளக்கு தேவைப்படுகிற அறைகள், உத்தரத்தில் கரையான், ஒரு குடம் தண்ணீருக்கு நாலு கட்டு தாண்டிப் போகிற நடை எல்லாம் எனக்குத் தெரியும். அந்த ஜன்னலை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

மேற்குக்கு நான் சொல்வது லூவர் வைத்த மரக் கதவு, அதாவது பலகைகளைச் சாய்வாக அடுக்கியது. சாய்வு வெளிப்புறம் கீழ்நோக்கி இருந்தால் வெயில் பலகையில் பட்டு நின்றுவிடும், காற்று இடுக்கில் நுழையும், சாரலும் வடிந்துவிடும். கண்ணாடிக் கதவும் வேண்டும் என்றால் வையுங்கள், மரம் வெளியே இருக்கட்டும், கண்ணாடி உள்ளே. இந்த வரிசை முக்கியம். உள்ளே திரைச்சீலை போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். திரைக்கு வந்து சேரும் முன்பே வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டது. திரை சூடாகி அந்தச் சூட்டை அறைக்குள்தான் கொடுக்கும். நிழல் கண்ணாடிக்கு வெளியே இருந்தால்தான் நிழல். தேக்குக்குக் கை எட்டவில்லையென்றால் மூங்கில் தட்டி வெளியே தொங்கட்டும், வேலை நடக்கும்.

"விமான நிலையத்தில் அவ்வளவு கண்ணாடி வைத்திருக்கிறார்களே?" திருச்சியில் 2024 ஜனவரியில் திறந்த புதிய முனையத்தைத்தான் சொல்கிறீர்கள். அங்கே இரவும் பகலும் ஏசி ஓடும், மின் கட்டணத்தை நாம் தனியாகக் கட்டுவதில்லை. தவிர, பெரிய கட்டடங்களுக்கென்று வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள கண்ணாடிகள் உண்டு. நல்ல பூச்சுக் கண்ணாடி எண்பது சதவீத வெயிலை முப்பதுக்கும் கீழே கொண்டுவந்துவிடும். ஸ்ரீபெரும்புதூரில் 2000 முதல் இயங்குகிற செயின்ட் கோபைன் ஆலை இருக்கும்போது நமக்கு இது தூரத்துச் சரக்கும் இல்லை. கண்ணாடியே வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டால் கடையில் தடிமனைக் கேட்காதீர்கள், எஸ்.எச்.ஜி.சி. என்ற எண்ணைக் கேளுங்கள், அதாவது விழுகிற வெயிலில் எவ்வளவு பங்கு உள்ளே வரும் என்பதை. 0.8 என்றால் சாதாரணம். 0.3 என்றால் வாங்கலாம். கடைக்காரருக்கு அந்த எண் தெரியவில்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

சாதாரணக் கண்ணாடி போட்டு, பிறகு சூடு தாங்காமல் அதன் மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஃபிலிம் வெயிலை உறிஞ்சுகிறது. கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகி விரியப் பார்க்கிறது. விளிம்போ சட்டத்துக்குள் நிழலில் ஒளிந்திருக்கிறது, விரியாது. இந்த இழுபறியில் விளிம்பு இழுவிசைக்கு உள்ளாகிறது. ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 0.6 மெகாபாஸ்கல், நாற்பது டிகிரிக்கு 25. அறுக்கும்போது விளிம்பில் சின்ன நறுக்கு விழுந்திருந்தால் போதும், ஒரு மதியம் பட்டென்று கீறல் ஓடிவிடும். கல் எறிந்தது யார் என்று அடுத்த வீட்டுப் பையனைத் தேடாதீர்கள். அரிக்கேன் விளக்கின் சூடான சிம்னியில் மழைத்துளி பட்டால் வெடித்ததும் இதே காரணத்தால்தான். டஃபன்ட் கிளாஸ் 150 டிகிரி வித்தியாசத்தையும் தாங்கும். உடைந்தாலும் கத்தி கத்தியாக விழாமல் சின்னச் சின்ன மணிகளாக உதிரும். குழந்தைகள் ஓடுகிற உயரத்தில் அது இல்லாமல் கண்ணாடி வைக்காதீர்கள். ஆனால் ஒன்று, அதை ஆலையிலிருந்து வந்த பிறகு அறுக்கவோ துளைக்கவோ முடியாது. அளவு முன்பே சரியாக இருக்க வேண்டும்.

மரத்தின் பக்கமும் குறை உண்டு, மறைக்கவில்லை. ஐப்பசி மழையில் கதவு உப்பி நிலையில் பிடித்துக்கொள்ளும். பங்குனியில் சுருங்கிச் சந்து விடும். இதை வெப்பத்தின் வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. மூன்றடி அகலப் பலகை இருபது டிகிரி சூடேறினால் ஒரு எம்.எம். கூட விரியாது. ஈரம்தான் காரணம். காற்றின் ஈரம் கூடி மரத்தின் ஈரம் நான்கு சதவீதம் ஏறினால் தேக்குப் பலகை அகலவாக்கில் ஏழு எம்.எம். வரை பெருக்கும், நீளவாக்கில் மட்டும் அசையாது. ஆசாரிகள் இதைப் புத்தகம் இல்லாமலே அறிந்தவர்கள். அதனால்தான் கதவை ஒரே பலகையாகச் செய்யாமல் சட்டம் போட்டு, சட்டத்துக் காடியில் பலகையைப் பசை வைக்காமல் மிதக்க விடுகிறார்கள். பலகை காடிக்குள் பெருத்துச் சுருங்கிக்கொள்ளும், கதவின் அளவு பெரிதாக மாறாது. அவசரத்தில் "ஃபெவிகால் வெச்சு இறுக்கிடுங்க" என்று ஆசாரியை நெருக்காதீர்கள். மரக் கதவில் கண்ணாடி பதிக்கிறபோதும் பீடிங்குக்குள் சுற்றிலும் இரண்டு, மூன்று எம்.எம். சந்து விடச் சொல்லுங்கள். இறுக்கமாகப் போட்ட கண்ணாடியை அடைமழையில் பெருத்த மரம் நெருக்கும்.

நெருப்பைப் பற்றிச் சுருக்கமாக. மரம் எரியும், கண்ணாடி எரியாது என்பது பாதி உண்மை. தடித்த தேக்கு நிமிடத்துக்கு அரை எம்.எம். அளவில்தான் கரியாகும், அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசம். சாதாரணக் கண்ணாடியோ தீப்பிடித்த சில நிமிடங்களில் விரிசல் விட்டு உதிர்ந்து, தீக்குக் காற்று கொடுக்கும். பிளைவுட்டையும் மெல்லிய பலகையையும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அரசாங்கமும் இதைப் பற்றி ஒரு விதி வைத்திருக்கிறது. மத்திய மின் அமைச்சகம் 2018-ல் வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதாவின்படி, நம்மைப் போன்ற வெக்கையும் புழுக்கமும் உள்ள பகுதிகளில் வீட்டின் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய ஜன்னலாக, கதவாக இருக்க வேண்டும். திறக்கக்கூடிய என்ற சொல்லைக் கவனியுங்கள். ஃபிக்ஸட் கிளாஸ் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்தக் கணக்கில் பூஜ்யம். ஸ்லைடிங் ஜன்னலில் பாதிதான் திறக்கும், ஆக பாதிதான் கணக்கு. அந்த 2018 விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்காக வகுக்கப்பட்டது, உங்கள் ஐந்து சென்ட் மனையைக் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் உங்கள் பிளானை எடுத்துவைத்து அந்தக் கூட்டலைப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 167 சதுர அடி வர வேண்டும்.

தேக்கு விலை எனக்கும் தெரியும். புது மரம் வாங்கினால் வெள்ளை இல்லாமல் வைரமாகப் பார்த்து வாங்க வேண்டும், காய வைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்குள் கிரகப்பிரவேசத் தேதி வந்துவிடும். ஆனால் ஸ்ரீரங்கத்திலும் திருவானைக்காவலிலும் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்களே, அந்தக் கதவு ஜன்னல்கள் எங்கே போகின்றன என்று விசாரித்துப் பாருங்கள். நல்லது பலவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய், அங்கிருந்து வெளியூர்க்காரர்களின் வரவேற்பறைக்கு அலங்காரமாகப் போகின்றன. பல தலைமுறை காய்ந்த மரம் அது, இனி சுருங்க அதில் ஒன்றும் பாக்கி இல்லை. மழைக்குக் கொஞ்சம் பெருக்கும், அவ்வளவுதான்.

அப்படிப் பழைய ஜன்னல் வாங்குகிறவர்கள் லிண்டலுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். அவற்றின் அளவு இன்றைய நாலுக்கு நாலு, ஐந்துக்கு நாலில் அடங்காது. நிலையை டேப்பில் அளந்து கொத்தனாரிடம் கொடுத்தால் அவர் அதற்கேற்பத் திறப்பு விடுவார். கீலும் கொண்டியும் துருப்பிடித்திருந்தால் கழற்றி எறிய வேண்டாம், ஆசாரியிடம் காட்டுங்கள். நிலையின் அடிப்பக்கத்தை மட்டும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் கரையான், பேரத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அன்புடன்,
மண்ணச்சநல்லூரிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்